மிதிவண்டிக்கு ஒரு நேர்வழி

தில்லியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதன் கோட்டைகளை எழுதினர். பள்ளிவாசல்களையும் கல்லறைகளையும் எழுதினர். அரியணை ஏறியோரையும் இழந்தோரையும் எழுதினர். காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும் மக்கள் எவ்வழியே சென்றனர், அவ்வழி அவர்க்கு எத்தகையதாய் இருந்தது என்பதை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு நகரம் தன் மக்களை எவ்வாறு மதிக்கிறது என்பதை அதன் அரண்மனையைக் காட்டிலும் அதன் தெரு தெளிவாகச் சொல்லும். ஆகவே, இவ்வாண்டு மலரில் நாம் தெருவைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதிலும், தெருவில் மிகச் சிறிய இடத்தைக் கேட்டும் அது கிடைக்கப்பெறாத மிதிவண்டியைப் பற்றி எழுதுகிறோம்.

இப்பொருள் நமக்கு அயலானது என்று அன்பர்கள் எண்ணற்க. நம் காலனியில் இன்று மோட்டார் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. எனினும், விடியற்காலையில் செய்தித்தாள் போடுபவரும், பால் கொண்டு வருபவரும், குழாய் பழுது பார்க்க வருபவரும், இரவுக் காவலரும் பெரும்பாலும் மிதிவண்டியிலேயே வருகின்றனர். நம் பிள்ளைகள் பத்து வயதில் முதலில் கேட்பதும் மிதிவண்டியே. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, 'வாயிற்கதவைத் தாண்டிப் போகாதே' என்று சொல்லும் பெற்றோராக நாம் இருக்கிறோம். அந்த அச்சம் எப்படிப் பிறந்தது, வேறு நகரத்தார் அதை எப்படிப் போக்கினர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எழுத்தர்களின் நகரம்

புதுதில்லி 1931-ஆம் ஆண்டு முறையாகத் திறந்து வைக்கப்பெற்றது. கனாட் பிளேஸ் என்னும் வட்ட அங்காடி 1933-இல் கட்டி முடிந்தது. ஏகாதிபத்தியத்தின் பெருமையைக் காட்டவே அகன்ற வீதிகள் வகுக்கப்பட்டன. இருமருங்கும் நாவலும் வேம்பும் மருதும் புளியும் நடப்பட்டன. ஊர்வலத்துக்கென வகுத்த அவ்வீதிகளை உண்மையில் நிறைத்தவர்கள் பின்னாளில் வந்த எழுத்தர்களே.

1941-இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள் தொகை, பிரிவினைக்குப் பின் 1951-இல் 17 லட்சத்தைக் கடந்தது. அகதிகளாய் வந்தோர்க்கும் அரசாங்க ஊழியர்க்கும் குடியிருப்புகள் எழுந்தன. லோதி காலனி, சரோஜினி நகர், பின்னர் ராமகிருஷ்ணபுரம் என அரசுக் குடியிருப்புகள் தெற்கே விரிந்தன. கரோல்பாக்கில் தமிழ்க் குடும்பங்கள் பல நெருங்கி வாழ்ந்தன. அவ்வெழுத்தர்க்கு மோட்டார் எட்டாக் கனி; பஸ்ஸோ போதுமான அளவில் இல்லை. லோதி காலனியிலிருந்து மத்தியத் தலைமைச் செயலகம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மிதிவண்டியில் அது இருபது நிமிடப் பயணம். கால்சட்டையின் அடியில் கிளிப்பைப் பொருத்திக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலையில் செயலகத்தை நோக்கிப் பாய்ந்த மிதிவண்டி வெள்ளம் அந்நாளைய தில்லியின் அடையாளங்களுள் ஒன்று எனலாம்.

அவ்வெள்ளத்துக்குத் தனிப்பாதை தேவைப்படவில்லை. மோட்டார்கள் குறைவு, வீதிகள் அகலம், மரங்களோ நிழல் தந்தன. இஃது எவரும் திட்டமிட்டுத் தந்த நன்மையன்று. மோட்டார் பெருகாத காலத்தின் கொடை. திட்டமின்றி வந்த நன்மை காலம் மாறியபோது சொல்லாமற் போயிற்று.

1962-இல் எழுதிய ஏடு

திட்டமிடுவோர் இதை அறியாதிருந்தனர் என்று கூறுவது நியாயமாகாது. 1957-இல் தில்லி வளர்ச்சி ஆணையம் நிறுவப்பட்டது. நகரின் முதற் பெருந்திட்டம் 1962-ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. மிதிவண்டிகளுக்குத் தனித்தடங்கள் வேண்டும் என்னும் கருத்து அத்திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது.

அதே 1962-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைப் பேரவை மிதிவண்டித் தடங்களின் அமைப்பு முறை பற்றி ஒரு வழிகாட்டு நூலை வெளியிட்டது. அதன் அளவுகோல் இன்றும் நம் கவனத்துக்கு உரியது. மணிக்கு 100 முதல் 200 மோட்டார்கள் செல்லும் சாலையில், நெரிசல் வேளையில் 400 மிதிவண்டிகள் வருமாயின் தனித்தடம் அமைக்கலாம். மோட்டார்கள் 200-க்கு மேற்பட்டால், 100 மிதிவண்டிகளே வந்தாலும் தனித்தடம் தகும். தடத்தின் அகலம் 2 மீட்டருக்குக் குறையலாகாது. மோட்டார் பெருகப் பெருக மிதிவண்டிக்குக் காப்பு மிகுதியாக வேண்டும் என்னும் அறம் இவ்வெண்களுக்குள் அடங்கியிருக்கிறது.

ஏட்டில் இருந்தது தெருவில் இறங்கவில்லை. 1982-இல் ஆசிய விளையாட்டு விழாவுக்கென மேம்பாலங்கள் எழுந்தன. 1983 டிசம்பரில் மாருதிக் கார் வெளிவந்தது. நடுத்தரக் குடும்பத்துக்கும் மோட்டார் கைக்கெட்டும் பொருளாயிற்று. சாலைகளை அகலப்படுத்தியபோது கிடைத்த இடம் மோட்டாருக்கே சென்றது. ஆங்காங்கே போட்ட மிதிவண்டித் தடங்கள் தொடர்ச்சியின்றி முடிந்தன; கடைகளும் நிறுத்திவைத்த வண்டிகளும் அவற்றை விழுங்கின. வசதி பெற்றோர் மிதிவண்டியை விட்டனர். விட முடியாதோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினர். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் மாண்டோர் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேற்பட்டவர் என்பது அரசாங்கக் கணக்கு. அவருள் நூற்றுக்கு ஏறத்தாழ இருபதின்மர் நடந்து சென்றவர்.

ஹாலந்து நாட்டார் கற்ற பாடம்

மிதிவண்டி என்றதும் ஹாலந்து எனப் பழகிய நெதர்லாந்து நாட்டை எண்ணுவது வழக்கம். அந்நாட்டார் பிறவியிலேயே மிதிவண்டிக்காரர், நாம் அவ்வாறல்லோம் என்று சொல்லி நம் குறையை மறைத்துக்கொள்வதும் வழக்கம். வரலாறு வேறு கதை சொல்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் செல்வம் பெருகியது, மோட்டார் பெருகியது, மிதிவண்டி ஆண்டுதோறும் குறைந்தது. 1967-இல் ஜோகினென் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஆம்ஸ்டர்டாம் நகரின் பழைய பகுதிகளை இடித்து மோட்டார்ப் பெருஞ்சாலை அமைக்கத் திட்டம் தந்தார். 1971-ஆம் ஆண்டில் அச்சிறு நாட்டில் சாலையில் இறந்தோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் சிறு குழந்தைகள். தம் மகளை அவ்வாறு இழந்த விக் லாங்கன்ஹாஃப் என்னும் பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரை ஒன்று நாட்டை உலுக்கியது. 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்பதே அவ்வியக்கத்தின் பெயராயிற்று. தாய்மாரும் தந்தைமாரும் குழந்தைகளுடன் சாலையில் அமர்ந்தனர்; தெருவை மறித்து விளையாட்டுத் திடலாக்கினர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. அமைதியான தெரு எவ்வாறு இருக்கும் என்பதை அந்நாட்டார் மீண்டும் கண்ணாரக் கண்டனர்.

பிற்காலத்தில் அந்நாட்டுச் சாலைச் சாவுகள் பழைய அளவில் மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கின. இதற்குக் காரணங்கள் பல உள; தெருவின் அமைப்பு மாறியது அவற்றுள் ஒன்று. அம்மாற்றம் பெற்றோரின் கண்ணீரிலும் நகர மன்றங்களின் வாக்கெடுப்பிலும் பிறந்தது.

குரோனிங்கனின் ஓர் இரவு

நெரிசல் மிக்க நகர மையத்தில் மிதிவண்டிக்கு வழி வகுத்த கதைகளுள், வடக்கே உள்ள குரோனிங்கன் நகரின் கதை தலையாயது. பழைய நகரம், குறுகிய தெருக்கள், நடுவே இரு பெருஞ்சந்தைச் சதுக்கங்கள். வெளியூர் மோட்டார்களும் மையத்தின் ஊடே புகுந்து மறுபுறம் வெளியேறின. சதுக்கங்கள் வண்டி நிறுத்துமிடங்களாய் மாறியிருந்தன.

அந்நகர மன்றத்தில் மாக்ஸ் வான் டென் பெர்க் என்னும் இளைஞர் முன்னின்று ஒரு திட்டத்தை நிறைவேற்றினார். புதிய பாலம் இல்லை, பெருஞ்செலவு இல்லை. மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தனர். எந்தப் பகுதிக்குள்ளும் மோட்டார் வரலாம்; ஆனால் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு நேரே செல்லலாகாது; வெளியே உள்ள வட்டச் சாலைக்குத் திரும்பிச் சுற்றிக்கொண்டே நுழைய வேண்டும். நடப்போரும் மிதிவண்டியினரும் மட்டும் எல்லைகளைக் கடந்து நேரே செல்லலாம்.

1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவில் ஒருவழிப் பலகைகளும் தடைகளும் மாற்றி நாட்டப்பட்டன. காலையில் எழுந்த நகரம் வேறு நகரமாயிருந்தது. வணிகர் பலர் வெகுண்டனர். வாடிக்கையாளர் வாரார், கடை மூட நேரும் என்று அஞ்சினர். அவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. கடன் வாங்கிக் கடை வைத்தவனுக்குத் தெருவே வாழ்வு. ஆயினும் மன்றம் பின்வாங்கவில்லை. திட்டம் நிலைத்தது, பின்னாளில் சதுக்கங்களிலிருந்து மோட்டார்கள் மேலும் விலக்கப்பட்டன. இன்று அந்நகருக்குள் நிகழும் பயணங்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு மிதிவண்டியில் நிகழ்கின்றன என்பர். சில நாற்சந்திகளில், எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் மிதிவண்டியினர்க்கு ஒரே வேளையில் பச்சை விளக்கு எரிகிறது.

இக்கதையின் உயிர்நிலை யாது? அதுவரை பெரும்பாலான நகரங்கள் மோட்டாருக்கு நேர்வழியையும் மிதிவண்டிக்குச் சுற்றுவழியையும் தந்தன. குரோனிங்கன் அதை மாற்றி வைத்தது. மிதிப்பவன் தன் உடல் வலிமையால் செல்பவன். அரைக் கிலோமீட்டர் சுற்று அவனுக்குச் சுமை. இயந்திரத்தால் செல்பவனுக்கு அது சிறு பொழுதே. இந்த எளிய கணக்கே அத்திட்டத்தின் அடிப்படை.

ஒற்றைப் பாதை போதாது

அந்நாட்டார் முதன் முயற்சியிலேயே வென்றுவிடவில்லை. 1970-களின் இடையில் டில்பர்க், தி ஹேக் ஆகிய நகரங்களில் அரசாங்கச் செலவில் மாதிரி மிதிவண்டிப் பாதைகள் அமைக்கப்பட்டன. நேர்த்தியான பாதைகள், ஆனால் ஒவ்வொன்றும் ஒற்றைப் பாதை. பக்கத்துத் தெருக்களில் சென்றோர் அதற்கு மாறினரே அன்றி, புதிதாக மிதிவண்டி ஏறியோர் அதிகம் இல்லை. இதைக் கண்டபின், டெல்ஃப்ட் நகரம் 1980-களில் வேறு முறையைக் கையாண்டது. ஒரு பாதைக்குப் பதிலாக நகர் முழுதும் பின்னிய வலையாகத் திட்டமிட்டது. எங்கெங்கே தொடர்ச்சி அறுந்திருந்ததோ அங்கங்கே ஒரு சிறு பாலம், ஒரு சுரங்க வழி, ஒரு குறுக்குத் தடம் என இட்டு நிரப்பியது. ஏற்கெனவே மிகுதியாயிருந்த மிதிவண்டிப் பயணம், நூற்றுக்கு 40-இலிருந்து 43 ஆக மேலும் உயர்ந்தது.

வெயில் மிகுந்த ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம் இப்பாடத்தை நன்கு கற்றது. மிதிவண்டி மிக அரிதாயிருந்த அந்நகரில், 2006-ஐ ஒட்டி இரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடங்களை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டனர். மிதிவண்டிப் பயணம் பன்மடங்கு பெருகியது. வெப்ப நாட்டில் இது நடவாது என்பார்க்கு இதுவே விடை.

தில்லியின் சோதனை

இனி நம் நகருக்குத் திரும்புவோம். 2006-இல் வெளிவந்த தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவதைவிட மனிதரை நகர்த்துவதே நோக்கம் என்று கூறியது. அதற்கு முன்பே தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள் ஒரு திட்டத்தை வகுத்திருந்தனர். 2008 ஏப்ரலில், அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தொலைவுக்கு அது நடைமுறைக்கு வந்தது. நடுவே பஸ்ஸுக்குத் தனி வழி, இருபுறமும் மிதிவண்டிக்குத் தனித்தடம், அதனருகே நடைபாதை.

அதன் பயனும் குறையும் இரண்டும் கூறத்தக்கன. பஸ்ஸில் சென்றோர்க்கு விரைவு கிடைத்தது. மிதிவண்டியினர்க்கு நெடுநாளைக்குப் பின் தமக்கென ஓர் இடம் கிடைத்தது. ஆனால் சந்திப்புகளில் விளக்கு மாற நெடும்பொழுது ஆயிற்று. மோட்டார் சைக்கிள்கள் மிதிவண்டித் தடத்தில் புகுந்தன. காரில் சென்றோர் இடம் குறைந்ததென்று குமுறினர். வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012 அக்டோபரில் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளி, திட்டம் தொடர இசைந்தது. எனினும், 2015-இல் அரசாங்கம் அதைக் கைவிட முடிவு செய்தது. 2016-இல் இடிக்கும் பணி தொடங்கியது. டில்பர்க் நகரத்தார் கண்ட உண்மையே இங்கும் வெளிப்பட்டது. தனித்து நின்ற ஒரு துண்டுப் பாதைக்கு எதிரிகள் உடனே தோன்றுவர். அதன் நண்பர்கள் தோன்றுவதற்கு அது நெடுந்தொலைவு செல்ல வேண்டும்.

கல்கத்தாவின் வரலாறு இன்னும் வருந்தத்தக்கது. அங்கே 2008-இல் 38 சாலைகளில் மிதிவண்டி தடை செய்யப்பட்டது. 2013-இல் அத்தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. எதிர்ப்பு எழுந்தபின் 62 ஆகக் குறைந்தது. மிதிவண்டியினர் மோட்டார்களின் வேகத்தைக் குறைக்கின்றனர் என்பது கூறப்பட்ட காரணம். மீன் கூடையும் பால் கேனும் சுமந்து பிழைக்கும் மனிதன் சந்து பொந்துகளில் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. குரோனிங்கன் செய்ததற்கு நேர் எதிர் இது. அக்கல்கத்தாவை அடுத்த நியூ டவுன் நகரமோ, 2020-இல் மத்திய அரசு தொடங்கிய மிதிவண்டிப் போட்டியில் பரிசு பெற்ற நகரங்களுள் ஒன்றாயிற்று. அருகருகே இருக்கும் இரு நகரங்கள் எதிரெதிர் வழியில் செல்லக்கூடும் என்பதற்கு இது சான்று.

நம் பழைய தில்லியிலும் ஒரு நற்செயல் நிகழ்ந்தது. ஷாஜகானின் மகள் ஜகனாரா வகுத்த சாந்தினி சவுக் வீதியில் ஒரு காலத்தில் கால்வாய் ஓடியது. 1908-இல் டிராம் ஓடத் தொடங்கியது. பின்னர் எல்லாம் போய் மோட்டார் நெரிசலே எஞ்சியது. செங்கோட்டையை ஒட்டிய பகுதி முதல் ஃபதேபுரி மசூதி வரை ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் வீதியைச் செப்பனிட்டு, 2021 செப்டம்பரில் திறந்தனர். காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார்களுக்கு இடமில்லை. நடப்போர்க்கும் மிதி ரிக்ஷாக்களுக்குமே இடம் என்று விதி செய்தனர். விதியை மீறுவோர் உண்டு. காவல் தளர்ந்த வேளைகளும் உண்டு. ஆயினும், இந்தியாவின் மிக நெருக்கமான கடைவீதியொன்றில் மோட்டாரை விலக்கியும் வணிகம் நடத்தலாம் என்பது கண்கூடாயிற்று.

நாம் கொள்ளத்தக்கன

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்கினால் சில முடிவுகள் தாமே தெளிவாகும். முதலாவது, பாதை தொடர்ச்சியாய் இருத்தல் வேண்டும். நாற்சந்தியில் அறுந்துபோகும் தடம், பாதி ஆற்றில் முடியும் பாலத்தை ஒக்கும். விபத்து மிகுவது சந்திப்பில் என்பதால், செலவும் சிந்தனையும் முதலில் அங்கே செல்லுதல் முறை. இரண்டாவது, வேகமாகச் செல்லும் மோட்டாருக்கும் மிதிவண்டிக்கும் இடையே வண்ணக்கோடு போதாது. உயர்ந்த கரை வேண்டும். சிறு தெருக்களிலோ கரை வேண்டாம்; ஊடே புகும் மோட்டாரைத் தடுத்தாலே போதும். மூன்றாவது, நிழல். லுட்யென்ஸ் காலத்து வீதிகளில் நின்ற வேம்பும் நாவலும் இன்றைய தடங்களின் ஓரத்திலும் நிற்க வேண்டும். நான்காவது, நிறுத்த இடம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஏறத்தாழ பத்து மிதிவண்டிகள் நிற்கும். மெட்ரோ நிலைய வாயில்களில் இக்கணக்கு நினைவில் இருத்தல் நலம்.

இவையெல்லாம் அரசாங்கத்தின் பணி என்று நாம் கைகட்டி இருத்தல் கூடாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 மிதிவண்டி உடையன. இத்தனை பேருக்குரிய பொருளைப் பற்றிக் கேட்பதற்குக் குரல்தான் இல்லை. ஹாலந்தில் அக்குரலை எழுப்பியோர் பெற்றோரே.

ஆகவே, நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். காலனி வாயிலிலிருந்து பள்ளிக்கும், காய்கறிச் சந்தைக்கும், மெட்ரோ நிலையத்துக்கும் செல்லும் மூன்று வழிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளோடு ஓட்டிப் பார்ப்போம். தடம் எங்கே அறுகிறது, எங்கே கடக்க அச்சமாகிறது, எங்கே வண்டிகள் வழியை மறிக்கின்றன என்பதை ஒரு தாளில் வரைவோம். நம் காலனிக்கு மிதிவண்டியில் வந்து உழைப்போரையும் கேட்டு, அவர் சொல்வதையும் அதில் சேர்ப்போம்; வழியின் இடர் நம்மினும் அவர்க்கே நன்கு தெரியும். அவ்வரைபடத்தை வார்டு உறுப்பினரிடம் சங்கத்தின் பெயரால் அளிப்போம். ஓர் ஆண்டில் ஒரு நாற்சந்தியேனும் சீர்ப்படுமாயின், பத்து வயதுப் பிள்ளை ஒன்று வாயிற்கதவைத் தாண்டித் தனியே பள்ளிக்குச் சென்று திரும்பும்.